மோட்டார் இல்லாமல் ஏறும் வெந்நீர்

என் நாத்தனார் காஞ்சிபுரத்தை விட்டுவிட்டு எங்களோடு இருந்துவிடலாம் என்று வந்த அன்று, கையில் ஒரு துணிப்பை, பின்னால் ஒரு குட்டி யானை வண்டி. வண்டியில் கட்டில், பீரோ என்று எதுவும் இல்லை. நீளமான ஒரு தகர உருளை, கயிற்றால் கட்டிய இரும்புச் சட்டங்கள், அப்புறம் பழைய போர்வைகளில் ஒவ்வொன்றாகச் சுற்றி வரிசையாகப் படுக்க வைத்த ஏதோ நீள நீளமான சாமான்கள். டிரைவரிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கினார்.

நான் தையல் மிஷினை விட்டு எழுந்து வாசலுக்குப் போனேன்.

"இன்னாக்கா இது?"

"சோலாரு. சுடுதண்ணி போடறது."

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஏரிப் பாசனம், நெல். வெயிலுக்குக் குறைச்சல் கிடையாது. சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை மத்தியானம் மேலுக்கு ஊற்ற முடியாது. இந்த ஊருக்குச் சுடுதண்ணீர் மெஷினா என்று எதிர்வீட்டு அம்மா அப்போதே சிரித்துவிட்டார். என் நாத்தனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போர்வைச் சுருள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுவந்து, நான் தைக்கிற ஷீட் கூரைக்குக் கீழே படுக்க வைத்தார்.

என் வீட்டுக்காரரின் அக்கா அவர். கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டித் துடைக்கிற வேலை. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள், அங்கேயே தங்கிக்கொண்டார். தீபாவளி, பொங்கல் என்றால் எங்கள் வீட்டுக்கு வருவார், மறுநாள் போய்விடுவார். எனக்கும் அவருக்கும் நடந்த பேச்செல்லாம் "சாப்டீங்களா", "பஸ்ஸு கெடச்சுதா" அளவுதான். இப்போது லாட்ஜை இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போகிறார்கள். கடைசி நாளில் முதலாளி, "உனக்கு இன்னா வேணுமோ எடுத்துக்கினு போம்மா" என்றாராம். மற்ற ஆட்கள் ஃபேன், கட்டில், டிவி என்று எடுத்துக்கொண்டார்கள். இவர் மாடிக்குக் கையைக் காட்டியிருக்கிறார்.

"ஏங்க்கா, டிவி கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"டிவிதான் வூட்டுல கீதே," என்றார்.

வந்த புதிதில் அவருடைய பழக்கங்கள் எனக்கு விநோதமாக இருந்தன. எந்தக் கதவானாலும் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார், சமையல்கட்டுக்கு வரும்போதும் நிலையில் ரெண்டு தட்டு. படுக்கை விரிப்பின் நாலு முனையையும் கடிதாசு மடிப்பது மாதிரி மடித்துச் செருகிவிடுவார், நாங்கள் ராத்திரி படுக்கும்போது அதைப் பிடுங்கி எடுக்கவே பலம் வேண்டும். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் கைவிரல்களைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பிளீச்சிங் பவுடரும் பச்சைத் தண்ணீரும் அந்த விரல்களை விறைக்க வைத்திருந்தன.

வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, போர்வைகளைத் துவைக்கலாம் என்று அந்தச் சாமான்களைப் பிரித்தோம். அப்போதுதான் முதன்முதலாக அந்த டியூப்பைப் பார்த்தேன். என் கையைவிடப் பெரிதாக, கருநீலமும் கருப்பும் கலந்த நிறத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு பக்கம் திறந்த வாய், மறுபக்கம் சோதனைக் குழாய் மாதிரி மூடி, நுனியில் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஒரு வெள்ளிப் பளபளப்பு. போர்வை காய்கிறவரை எல்லாவற்றையும் வெயிலில் வைத்துவிட்டு நான் பிளவுஸ் வெட்டப் போய்விட்டேன். திரும்பி வந்து ஒன்றைத் தூக்கினேன். இவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தது, சுடும் என்று பயந்துகொண்டேதான் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"அக்கா, இது சுடவே இல்லியே. இது எப்படித் தண்ணிய காய்ச்சும்?"

அவர் திறந்த வாயில் விரலை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்து உதறினார்.

"அய்யோ! உள்ள நெருப்பா கீதும்மா!"

நானும் விட்டுப் பார்த்தேன். உண்மைதான். வெளியே கை வைத்தால் குளிர்ச்சி, உள்ளே விரல் வெந்துவிடும். நாங்கள் ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருஷமாக அந்த லாட்ஜ் மாடியில் இவற்றுக்கு நடுவே துணி காயப்போட்டவர் அவர், அவருக்கும் இது புதுசு.

வண்டியில் வரும்போது ஒரு டியூப் விரிசல் விட்டிருந்தது. தூக்கி எறிவதற்கு முன்னால் அதை உடைத்தே பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. கோணியில் சுற்றி மெதுவாகத் தட்டினேன். வெளிக்கண்ணாடி தனியாகக் கழன்று வந்தது. உள்ளே இன்னொரு கண்ணாடிக் குழாய். கருப்புப் பூச்சு உள்குழாயின் மேலேதான் இருந்தது, வெளிக்குழாய் நிறமே இல்லாத வெறும் கண்ணாடி.

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு," என்றார் நாத்தனார். "நடுவுல ஒண்ணுமே இல்லியே."

அந்த 'ஒண்ணுமே இல்லை'தான் விஷயம் என்று எங்களுக்குப் புரிய அன்று சாயங்காலம் ஆனது. என் வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறார். அவர் டீ கொண்டுபோகிற ஃப்ளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே கொதிக்கிற டீ, வெளியே கையில் சூடு தெரியாது. ஃப்ளாஸ்க் ஒருமுறை உடைந்தபோது உள்ளே ரெண்டு கண்ணாடி இருந்தது ஞாபகம் வந்தது. ஃப்ளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினேன்.

"அக்கா, இது ஃப்ளாஸ்க்குக்கா! வெய்யிலு உள்ள போவுது. சூடு வெளிய வர முடியல. நடுவுல காத்தே இல்லாம உறிஞ்சி வெச்சிகிறாங்க!"

"அப்ப வெய்யிலு மட்டும் எப்பிடி உள்ள போச்சு?"

நல்ல கேள்வி. யோசித்தேன். "கண்ணாடி வழியா வெளிச்சம் போவும்ல. வெளிச்சமா போயி கருப்புல பட்டு சூடா மாறிடுது. சூடா மாறினப்புறம் வெளிய வர வழியில்ல."

அவர் உடைந்த டியூப்பின் நுனியை எடுத்துக்கொண்டுவந்து காட்டினார். மற்றதெல்லாம் நுனியில் பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்க, இது சுண்ணாம்பு தடவியது மாதிரி வெள்ளையாக இருந்தது. "இது மட்டும் ஏன் இப்பிடி ஆச்சு?" என்றார். காற்று உள்ளே போனால் அந்த வெள்ளிப் பூச்சு வெளுத்துவிடுமோ என்று நினைத்தோம். அப்போது அது வெறும் ஊகம்தான்.

உத்திரமேரூரிலிருந்து ஒரு பிளம்பர் வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். "இது கம்பெனி ஆளுங்க மாட்டறதும்மா. டியூப்பு ஒடஞ்சா எம்மேல வரும், நான் கைய வெக்க மாட்டேன்" என்றார். போகும்போது மாடியை அண்ணாந்து பார்த்து ஒன்று சொன்னார். "ஒங்க தண்ணித்தொட்டி மாடித் தரையிலயே உக்காந்துகினு கீது. சோலாரு தொட்டி அத்தவிட ஒசரத்துல நிக்கும். அப்பறம் தண்ணி எப்பிடி அதுக்குப் போவும்? மொதல்ல தொட்டிய தூக்கி வையுங்க."

என் வீட்டுக்காரர், "விட்டுடுங்க, பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார். அக்கா எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் மட்டும், கறிவேப்பிலையை உருவிக்கொண்டே சொன்னார்:

"லாட்ஜில எல்லா ரூமுக்கும் சுடுதண்ணி கொழா உண்டும்மா. எங்களுக்கு படிக்குக் கீய ஒரு பாத்ரூமு. அதுக்கு மட்டும் லைன் இழுக்கல. மார்கழியில ரூம் பாத்ரூம கழுவும்போது கொழாய தொறந்து கைய மட்டும் காட்டுவேன். குளிச்சதில்ல. ஆளு வந்துட்டா இன்னா பண்றது."

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அடுத்த வார லீவில் அவரும் ஒரு கொத்தனாரும் சேர்ந்து செங்கல் வைத்து மேடை கட்டித் தொட்டியை மேலே தூக்கினார்கள்.

மற்றதை நாங்கள் இருவரும் போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் ரொம்ப வேகமாகப் பேசுவார். நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். எந்தச் சாமானுக்கு என்ன வேலை என்பது மெல்லப் பிடிபட்டது. அந்தத் தகர உருளைதான் தொட்டி. தட்டினால் வெறும் டப்பா சத்தம் வராமல் மொத்தென்று கேட்கும், ஏனென்றால் உள்ளே இன்னொரு தொட்டி, நடுவே பஞ்சு மாதிரி நுரை அடைத்திருக்கிறது. தொட்டியின் ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள், டியூப்புகளின் வாய் அதில்தான் செருகிக்கொள்ளும். ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம். பச்சைத்தண்ணீர் வருகிற வழி கீழே, சுடுதண்ணீர் போகிற வழி மேலே.

என் மனதில் ஒன்று மட்டும் உட்காரவில்லை. டியூப்பு கீழே சாய்ந்து நிற்கிறது, தொட்டி அதற்கு மேலே இருக்கிறது. சூடாகிற தண்ணீர் டியூப்பில். அதை மேலே தொட்டிக்கு ஏற்றுவது யார்? மோட்டார் எங்கேயும் இல்லை. வயரே இல்லை.

"லாட்ஜிலயும் இதுக்கு மோட்டாரு இல்ல," என்றார் அக்கா. "கரண்டு போனாலும் சுடுதண்ணி வரும்."

டியூப்புக்குள்ளே பார்க்கலாம் என்றால் கருப்புப் பூச்சு மறைக்கிறது. ஒரு நீளமான கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் நிரப்பினேன். மிஷினுக்கு எண்ணெய் விடுகிற நீள மூக்கு டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை எடுத்தேன். அக்காவிடம் பாட்டிலைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, மூக்கை அடிவரைக்கும் விட்டு ஒரே ஒரு சொட்டு. நீலம் அடியில் அப்படியே படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் பார்த்தோம், அசையவில்லை. பாட்டிலின் அடியில் மெழுகுவத்தியைக் காட்டினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் நூல் பிரிந்து வருவது மாதிரி நீலம் ஒரு இழையாக எழுந்தது. பாட்டிலின் மேல்பக்கக் கண்ணாடியை ஒட்டிக்கொண்டே ஏறியது. கழுத்து வரைக்கும் போனது, அங்கே பரவி, கீழ்ப்பக்கக் கண்ணாடியை ஒட்டி இறங்க ஆரம்பித்தது.

"ஏறுது பாரு! ஏறுது பாரு!" அக்கா பாட்டிலை ஆட்டிவிடப் போனார். "ஆட்டாதீங்கக்கா!"

"சுடுதண்ணி லேசாயிடுது," என்றேன். "லேசானது மேல போவுது. மேல கீற பச்சத்தண்ணி அந்த எடத்துக்கு எறங்குது. அது சூடாயி அதும் ஏறுது."

"ஒரே குழாயில போறதுக்கும் வர்றதுக்கும் வழியா?"

"ஆமாக்கா."

அவர் யோசித்துவிட்டுச் சிரித்தார். "எங்க லாட்ஜு படி மாதிரி. ஒரே படிதான். ஏறறவன் ஒரு ஓரம், எறங்கறவன் ஒரு ஓரம்."

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தப் பாட்டில் முழுக்க நீலமாகிறவரை ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அன்று தைத்துக் கொடுக்க வேண்டிய பிளவுஸ் கொடுக்கவில்லை.

இரும்புச் சட்டங்களைப் பூட்டி ஸ்டாண்டாக்கி மாடியில் தெற்கே பார்க்க நிறுத்தினோம். எந்த நேரத்தில் எந்த நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் முழுக்க மாடிக்கு ஏறி இறங்கிப் பார்த்த பிறகுதான் இடத்தை முடிவு செய்தோம். பக்கத்துத் தென்னையின் நிழல் சாயங்காலம் மட்டும் ஓரத்தைத் தொட்டது, பரவாயில்லை என்று விட்டோம். டியூப்பின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவி, திருகித் திருகி ரப்பருக்குள் ஏற்ற வேண்டும், அழுத்தினால் உடையும். விரல் விறைத்திருந்தாலும் அக்காவுக்கு அந்தப் பக்குவம் என்னைவிடச் சீக்கிரம் வந்தது. நான் அடிப்பக்கத்தைப் பிடித்து ஸ்டாண்டின் கீழ்ச்சட்டத்தில் இருக்கிற கிண்ணத்தில் உட்கார வைப்பேன், அவர் மேலே திருகுவார். கடைசி டியூப் உட்கார்ந்து, விரிசல் விட்ட டியூப்புக்கான ஓட்டையை ரப்பர் கட்டையால் அடைத்தபோது உச்சி வெயில். தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. முடித்துவிட்ட சந்தோஷத்தில் யாருக்கும் காத்திருக்கத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் தண்ணித்தொட்டியிலிருந்து வருகிற பைப்பின் கேட்வால்வைத் திறந்தார்.

தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அடுத்து டப். இன்னொரு டப். பட்டாசுச் சரம் மாதிரி வரிசையாக. சில டியூப்பில் உள்கண்ணாடி மட்டும் உடைந்து, ரெண்டு கண்ணாடிக்கும் நடுவே தண்ணீர் குபுகுபுவென்று இறங்குவது தெரிந்தது. ரெண்டு மூன்று அடியோடு தெறித்து, தொட்டித் தண்ணீர் முழுக்க அந்த ஓட்டைகள் வழியாக ஆவி பறக்கக் கொட்டியது. நான் அக்காவின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். வீட்டுக்காரர் வால்வை மூடினார். மழை பெய்தது மாதிரி மாடித் தண்ணீர் குழாய் வழியாக வாசலில் விழுந்துகொண்டிருந்தது.

யாருக்கும் அடிபடவில்லை. அக்கா மாடிப்படியின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். "அங்க இத்தினி வருசமா ஒண்ணு ஒடையல. நான் எடுத்துக்கினு வந்தேன், ஒடஞ்சிபோச்சு" என்றார். வீட்டுக்காரர், "விடுக்கா, கண்ணாடிதான" என்றார். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. எனக்கு மட்டும் ஒரு பக்கம் துக்கமாகவும் ஒரு பக்கம் வேறு மாதிரியும் இருந்தது. ஏன் உடைந்தது? சூடேறிய கண்ணாடி டம்ளரில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் விரியும். அன்றைக்கு விரல் பொசுங்கிய அதே சூடு உள்ளே, அதன் மேல் தொட்டித் தண்ணீர். வேறென்ன ஆகும்? விடியற்காலையில் நிரப்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

"அக்கா, இங்க வாங்க," என்றேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வந்தார். உடைந்த டியூப்புகளின் அடியைக் காட்டினேன். காலையில் மாட்டும்போது எல்லாமே பளபளவென்று இருந்தன. இப்போது உடைந்ததெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. உடையாதவை அப்படியே கண்ணாடி.

"நாம சொன்னது சரிதான்க்கா. உள்ள காத்து போனா வெளுத்துடுது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "லாட்ஜு மாடியில இந்த மாதிரி இன்னும் ரெண்டு செட்டு இருந்துச்சும்மா. அத்த காயலான் கடைக்காரன் ஏத்திக்கினு போனான். எந்தக் கடைன்னு எனுக்குத் தெரியும்."

மறுநாளே காஞ்சிபுரம் போனோம். கடையில் துருப்பிடித்த சைக்கிள்களுக்கும் ஃபேன் றெக்கைகளுக்கும் நடுவே, டியூப்புகளை ஒரு மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். நாங்கள் ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்து, "இது வேணாம்", "இது நல்லாகீது" என்று பிரித்தோம்.

"இன்னாம்மா, மாம்பழம் பொறுக்கற மாதிரி பொறுக்கறீங்க? எல்லாம் ஒண்ணுதான," என்றார்.

"ஒண்ணு இல்லீங்க. வெளுத்தது வேஸ்ட்டு," என்றார் அக்கா. விஷயத்தைக் கேட்ட பிறகு கடைக்காரரும் குந்தி உட்கார்ந்து எங்களோடு பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

திரும்பும்போது உத்திரமேரூர் பஸ்ஸில் கண்டக்டர் வழியை மறித்தார்.

"இன்னா இது, டியூப்லைட்டா?"

"சுடுதண்ணி போடறது," என்றார் அக்கா.

"பொம்பளைங்களுக்குத்தாம்மா ஃப்ரீ. கண்ணாடிக்கு இல்ல." லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். ஆனால் பின்னால் ஒரு சீட்டைக் காலி பண்ணி அவரே படுக்க வைத்தார். மாகறல் தாண்டி ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் டிரைவரைப் பார்த்து, "மெதுவா போப்பா, கண்ணாடி கீது" என்று கத்திக்கொண்டே வந்தார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் அது என்ன என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அக்கா ஒவ்வொருவருக்கும் சொன்னார். ரெண்டு கண்ணாடி, நடுவில் காற்று கிடையாது, வெளிச்சம் போகும், சூடு வராது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுவந்தேன். வீட்டில் நாளெல்லாம் பேசாதவர் அவர்.

இந்த முறை டியூப்புகளின் மேல் லாட்ஜ் போர்வைகளை மூடினோம். மறுநாள் சூரியன் வருவதற்கு முன்னால் வால்வைத் திறந்தோம். ஒரு டப் கூட இல்லை. வெயில் வந்ததும் போர்வையை எடுத்தோம்.

மத்தியானம் கீழே பாத்ரூமில் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது, வெதுவெதுப்பாக. கொஞ்சம் வந்து விக்கியது. குழாய் தும்மியது. நின்றே போனது. மாடியில் தொட்டி 'டொம்' என்றது. மூடித் திறந்தால் மறுபடி கொஞ்சம், மறுபடி விக்கல்.

"தண்ணி நெறைய கீது. வால்வு தொறந்து கீது. அப்பறம் இன்னா பேஜாரு?" என்றார் வீட்டுக்காரர்.

சாயங்காலம் வரை மூவரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அக்கா ஒரு ஓரமாக நின்று, ஏதோ காணாமல் போனதைத் தேடுவது மாதிரி தொட்டியையே பார்த்தார்.

"ஏம்மா, லாட்ஜில இதும் மேல ஒரு பைப்பு நிக்கும். கைத்தடி மாதிரி மேல போயி வளைஞ்சு இருக்கும். அதுலதான் நான் மாப்புத் துணி காயப்போடுவேன். அது எங்க போச்சு?"

அதை நாங்கள் கொண்டுவரவே இல்லை. எதிலும் சேராத வெறும் பைப் என்று கழற்றியவர்கள் அங்கேயே போட்டுவிட்டிருக்கிறார்கள். அது நின்ற ஓட்டையைத் தூசி விழும் என்று நான்தான் ஒரு மூடி போட்டு இறுக்கி அடைத்திருந்தேன்.

"எதுலயும் சேராத பைப்பு எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குச் சமையல்கட்டு எண்ணெய் டின் ஞாபகம் வந்தது. புது டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கித்தான் விழும். எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட வேண்டும், காற்று போவதற்கு. அதைத்தான் சொன்னேன். அவர் படியேறிப் போய் அந்த மூடியைக் கழற்றினார். புஸ்ஸென்று மூச்சு விட்டது தொட்டி. அடைத்த தொட்டியில் காற்று போகவர வழியில்லாவிட்டால் தொட்டியே உள்ளுக்கு நசுங்கிவிடும் என்று பிற்பாடு அந்தக் கோயம்புத்தூர்க்காரர் சொன்னபோதுதான், அந்த 'டொம்' சத்தம் என்னவென்று எனக்குப் புரிந்தது. ஒரு பைப் வாங்கி வந்து, மேல் தண்ணித்தொட்டியைவிட உயரமாக நிறுத்தி, மழை விழாமல் நுனியை வளைத்துவிட்டோம். தாழ்வாக வைத்தால் தண்ணீர் அது வழியாக வழிந்துகொண்டே இருக்கும்.

மறுநாள் நல்ல வெயில். சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டு, "நீங்க போய் தொறங்கக்கா" என்றேன். பாத்ரூம் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். யாரும் இல்லாத பாத்ரூம்தான். நான் வெளியே நின்றேன். குழாய் திறக்கிற சத்தம். முதலில் பைப்பில் நின்ற பச்சைத்தண்ணீர் வரும், பொறுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பிறகு, "அம்மாடி!" என்று ஒரு குரல்.

"சுடுதாக்கா?"

"பச்சத்தண்ணி கலக்கணும்மா, வெச்ச கைய எடுத்துட்டேன்!"

ரொம்ப நேரம் வரவில்லை. பக்கெட் நிரம்புகிற சத்தமும் காலியாகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. வெளியே வந்தபோது முகமும் கையும் சிவந்திருந்தன. விரல்களை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார். "ராத்திரிக்கு நான் தோச ஊத்தறேன், நீ துணிய தை" என்றார்.

அந்த மார்கழியில் எதிர்வீட்டு அம்மாவும் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் மகள் பிள்ளை பெற்று வந்திருந்தாள். காலையிலும் சாயங்காலமும் அக்காவே பக்கெட் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். மேகம் மூடின நாட்களில் மட்டும் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும், அன்றைக்கு அடுப்புதான்.

அடுத்த கோடையில் தண்ணீர் வரத்து குறைந்தது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். தொட்டிக்குள்ளும் படிந்திருக்கும் என்று, ஒரு விடியற்காலையில் தண்ணீரை வடித்துவிட்டுக் கழுவ ஏறினோம். தொட்டியின் பக்கவாட்டில் ஒரு பெரிய நட்டு இருந்தது. அதை அதுவரை நாங்கள் தொட்டதில்லை. ஸ்பேனர் போட்டுத் திருகியபோது, நட்டோடு சேர்ந்து ஒரு கம்பி வெளியே வந்தது. கம்பி என்று சொல்ல முடியாது. எலி கரண்டிய கரும்பு மாதிரி இருந்தது, அங்கங்கே குழிவிழுந்து, தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது.

"தொட்டியே இப்பிடி அரிச்சிருக்குமா?" அக்கா பயந்துபோய் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். உள்ளே உப்பு படிந்திருந்தது, ஆனால் இரும்பு நன்றாகவே இருந்தது.

அந்தக் கம்பியை வீட்டுக்காரர் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போய், அங்கே மெயின்டனன்ஸ் பார்க்கிறவரிடம் கேட்டு வந்தார்.

"அது தண்ணி திங்கறதுக்குன்னே வெக்கறதாம். மெக்னீசியம் கம்பி. உப்புத்தண்ணி தொட்டிய திங்காம இத்த தின்னுகினு கெடக்குமாம். தீந்தா வேற போடணும்."

"தண்ணிக்கு எப்பிடித் தெரியும், இத்ததான் திங்கணும்னு?" என்றேன்.

"அத்த நான் கேக்கல."

"கேட்டுக்கினு வந்திருக்கலாமில்ல!"

"நீ இப்பிடிக் கேப்பேன்னு எனுக்கு இன்னா தெரியும்?"

புதுக் கம்பி கிடைக்கச் சில நாள் ஆனது. வந்ததும் மறுபடி விடியற்காலையில் நானும் அக்காவும் மாடிக்குப் போனோம். புதுசு வழவழவென்று, வெள்ளியில் செய்தது மாதிரி, கையில் எடுத்தால் கனமே இல்லாமல் இருந்தது. இவ்வளவு லேசான ஒன்றை இரும்பைவிட முதலில் தின்ன வேண்டும் என்று தண்ணீருக்கு எப்படித் தோன்றுகிறது என்று நான் மறுபடி ஆரம்பித்தேன்.

"ருசியா இருக்குமோ இன்னாவோ," என்றார் அக்கா. கம்பியை வாங்கி ஓட்டைக்குள் விட்டு, ஸ்பேனரை என்னிடம் வாங்கி, அவரே நட்டை இறுக்கினார்.